பாட்டும் பதிலும்: 'ளே' என்று முடிந்தால் யார் தோற்றது?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பின் தாழ்வாரத்தில் ஒழுக்குக்கு வாளி வைத்துவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்தேன். இரண்டு கடிதங்கள் நனைந்து மை கலைந்துவிட்டன. ஊரை மட்டும்தான் வாசிக்க முடிந்தது. மற்றவற்றில் முக்கால்வாசி பாட்டுப் போட்டியைப் பற்றித்தான். ஒளிவிழாக் காலம், கரோல் காலம், அப்படித்தான் இருக்கும். நீளமாக எழுதியவர்களின் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை இரவில் பாட்டுக்குப் பாட்டு விளையாடுவோம், ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் பாட்டைத் தொடங்க வேண்டும். 'ளே', 'ணே', 'ழா' என்று பாட்டு முடிந்தால் சண்டைதான். போன கிழமை ஒருவர் எழுந்து போயே விட்டார். சரியான விதி என்ன ரீச்சர்?
வாசகர், உப்புவெளி

எழுந்து போனவர் வீட்டுக்கு முதலில் போய் வாருங்கள். விதி பிறகு.

இது உங்கள் குற்றமில்லை தம்பி, தமிழின் குணம். சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரலாம் என்று இலக்கணகாரர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். நன்னூல் பன்னிரண்டு உயிரையும், மெய்யில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்தையும்தான் உள்ளே விடுகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் வாசலுக்கு வெளியே. ஆனால் சொல்லின் கடைசியைப் பாருங்கள்: கண்ணே, வானிலே, அவளே, நிழலா, வந்தாள், போனான். முன்வாசலில் மறித்த அதே எட்டுப் பேரும் பின்வாசலால் வந்து சப்பாணி கட்டி இருக்கிறார்கள். இப்படிப்பட்ட மொழியில் கடைசி எழுத்தைப் பிடித்து விளையாடினால் அடிபிடி வராமல் என்ன செய்யும்? அந்தக் காலத்து அந்தாதிப் புலவர்கள் கெட்டிக்காரர்கள். எழுத்தோடு நிற்காமல் சீர், சொல் என்று அப்படியே தூக்கி அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாவை அப்படிக் கோத்திருக்கிறார். ஒருவரே பாடியதால் சண்டை பிடிக்கவும் ஆளில்லை.

எங்கள் வீட்டு விதியைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த இருட்டில் தொடங்கியது எங்கள் கூட்டம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணை, ஆஸ்பத்திரி மிஸி அக்கா, ஓட்டோத் தம்பி, தையல்காரர், அவருடைய மனைவி, நான். ஃபோனில் சார்ஜ் இல்லை, ரீ.வி இல்லை, வாயில் மட்டும் பாட்டு இருந்தது. நாங்கள் எல்லாரும் இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஆட்கள். விளையாட்டு தெரியும். விதியைத்தான் நாங்களே செய்ய வேண்டியிருந்தது.

பல்லவி முடிகிற இடத்தில்தான் நிறுத்தலாம். தனக்கு வசதியான இடத்தில் வெட்டிவிட்டு அடுத்தவனை மாட்டிவிடுகிற கள்ள வேலை கிடையாது. முன்வாசலில் மறிக்கிற எழுத்து வந்தால் மெய்யை எறிந்துவிட்டு உயிரை எடுப்போம்: 'ளே'க்கும் 'ணே'க்கும் 'ஏ', 'ழா'வுக்கு 'ஆ'. 'ள்', 'ழ்' என்று புள்ளியில் முடிந்தால் அதற்கு முன்னால் நிற்கிற உயிர். 'ன்' மட்டும் 'ந' ஆகலாம் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டார். 'ர', 'ல' இரண்டையும் மன்னித்துவிட்டோம். ராஜா, ராணி, ராத்திரி இல்லாமல் சினிமாப் பாட்டு ஏது? நேரத்துக்கு மணிக்கூடு இல்லை. ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், 16 எண்ணிக்கை. அதற்குள் வாயைத் திறக்க வேண்டும்.

இவ்வளவு விதி போட்டும் ஒரு சனிக்கிழமை மாட்டினோம். ஓட்டோத் தம்பி பாடியது 'நீயே' என்று முடிந்தது. அடுத்தது மிஸி அக்கா. 'யே'. நன்னூல்படி 'ய' முதலில் வரும், ஆனால் 'யே' வராது. இதை நாங்கள் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. தாளம் போடுகிறவர் அண்ணை. கதிரைக் கைப்பிடியில் அவருடைய விரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. முதல் ஆவர்த்தனம் போய்விட்டது. அக்கா முந்தானையைப் பிசைகிறா. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினைந்தில் கண்ணை மூடிக்கொண்டு 'யேசு' என்று ஒரு தேவாலயப் பாட்டை எடுத்தா பாருங்கள்! அண்ணை தாளத்தை நிறுத்தாமலே கத்தினார்: "அது இயேசு! இ-யில் தொடங்கவேணும்!" அக்கா நிறுத்தவில்லை. பல்லவியை முடித்துவிட்டுத்தான், "புத்தகத்தில் எப்படி அடிச்சாலும் எங்கட கோயிலில் வாயால வாறது யேசுதான்" என்றா. அரை மணித்தியாலம் வழக்கு நடந்தது. கடைசியில் தையல்காரர் தீர்ப்புச் சொன்னார்: பாட்டு பிழையென்றால் அண்ணை தாளத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அவருடைய விரல் பல்லவி முடியுமட்டும் போட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே பாட்டு செல்லும்.

உங்கள் ஆட்களும் கூடி இருந்து விதி போடட்டும். நான் போட்டுத் தந்த விதியை விட நீங்கள் சண்டை பிடித்துப் போட்ட விதிதான் நிலைக்கும்.

மேடைக்கு ஏறுவதற்கு முன் பச்சை முட்டை குடித்தால் குரல் இளகுமா?
மாணவி, சீனக்குடா

முட்டை இறங்குவது உணவுக் குழாயால். குரல் நாண் இருப்பது மூச்சுக் குழாயின் வாசலில். இரண்டும் சந்திக்காது, சந்தித்தால் இருமி இருமிச் சாக வேண்டியதுதான். இளஞ்சூட்டுத் தண்ணீர் குடியும் பிள்ளை. முட்டையைப் பொரித்துப் போட்டி முடிந்த பிறகு பாணோடு சாப்பிடும்.

எங்கள் தேவாலயப் பங்குப் பாடகர் குழுவில் 24 பேர். கரோல் போட்டிக்கு வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் ஒரு பாட்டுப் பழகுகிறோம். தொடக்கம் நன்றாக இருக்கிறது. முடிந்ததும் கீபோர்டில் அழுத்திப் பார்த்தால் அரைக் கட்டை கீழே நிற்கிறோம். யாரில் பிழை என்று தெரியவில்லை.
குழுத் தலைவி, பாலையூற்று

ஒருவரில் பிழை இருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள் தங்கச்சி. 24 பேரும் ஆளுக்கு ஒரு மயிரிழை இறங்குகிறார்கள். இது உலகத்தில் வாத்தியம் இல்லாமல் பாடுகிற எல்லாக் குழுவுக்கும் இருக்கிற வியாதி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே இறங்குகிறது என்று முதலில் பிடியுங்கள். ஃபோனில் பதிவு செய்து, ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி கீபோர்டோடு பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் அகப்படும். மேலிருந்து கீழே வருகிற வரியில் படியை அகல அகலமாக வைத்து இறங்குவார்கள். திரும்ப ஏறும்போது படி சின்னதாகிவிடும். அடுத்தது, ஒரே சுரம் நாலைந்து தரம் வருகிற இடம். ஒவ்வொரு தரமும் அதைப் புதிதாக, கொஞ்சம் மேலே நினைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கனத்த ஈரத்துணி மாதிரித் தொய்யும். கடைசி, மெதுவாகப் பாடு என்று நீங்கள் கை காட்டுகிற இடம். மெதுவாக என்றால் மூச்சைக் குறைத்துவிடுகிறார்கள். மெதுவான பாட்டுக்குத்தான் மூச்சு கூட வேண்டும்.

போன வருடம் ஒரு பங்குக் குழுவின் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டச் பே பக்கத்து மண்டபம், யன்னல் எல்லாம் திறந்திருந்தது, மேலே மின்விசிறி டக் டக்கென்று தன்பாட்டில் ஒரு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் சைவக்காரி, கரோல் எனக்குப் புதிது, ஆனால் காது எல்லாச் சமயத்துக்கும் ஒன்றுதானே. நான்கு வரிசையாக மேடையைப் பார்த்து நின்று பாடினார்கள். இறங்கியது. வட்டமாக நிற்கச் சொன்னேன், மேல்குரல் சொப்ரானோவுக்குப் பக்கத்தில் ஒரு கீழ்க்குரல் பேஸ், அவருக்குப் பக்கத்தில் இடைக்குரல் ஆல்ட்டோ என்று கலந்து. சொல்லை விட்டுவிட்டு வாயை மூடி 'ம்' என்று முழுப் பாட்டையும் முனகச் சொன்னேன். அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அதுவரை தன் பாகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் குரலுக்குக் காதைப் பொத்தி வைத்திருந்தார்கள், பிழைத்துவிடுவோம் என்ற பயத்தில். வட்டத்தில் பாடிய பாட்டு கொஞ்சம்தான் இறங்கியது.

இன்னும் மூன்று விஷயம், அவசரமாக. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். நீண்ட வரிகளில் பக்கத்தில் நிற்கிறவர் எடுக்காத இடத்தில் மற்றவர் எடுக்க வேண்டும், இதைப் பெஞ்சு பெஞ்சாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'ன்', 'ம்' என்று முடிகிற சொல்லில் வாயை நேரத்தோடு மூடவேண்டாம். உயிரில் நின்றுவிட்டுக் கடைசியில் மூடினால் போதும். அப்புறம் 'கிறிஸ்து'. 24 பேரும் அந்த 'ஸ்'ஸைச் சொன்னால் மண்டபத்துக்குள் பாம்பு புகுந்த மாதிரி இருக்கும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு பேர் மட்டும் 'ஸ்' சொல்லட்டும், மற்றவர்கள் விழுங்கிவிடட்டும். கேட்கிறவருக்கு எல்லாரும் சொன்ன மாதிரியேதான் கேட்கும்.

எதுவும் சரிவராவிட்டால் அரைக் கட்டை கூட்டித் தொடங்கிப் பாருங்கள். அதே குழு, அதே பாட்டு, சில சமயம் புதிய சுருதியில் அசையாமல் நிற்கும்.

என் மகனுக்கு 13 வயது. போன வருடம் தமிழ்மொழித் தினப் போட்டியில் வலயத்தில் முதலிடம். இப்போது மேலே போனால் குரல் கீறுகிறது. அவன் பாட மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?
தாய், மூதூர்

வேண்டாம். தொண்டையில் குரல்வளை வளர்கிறது, குரல் நாண் நீண்டு தடிக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு முடிவில் ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை) அளவுக்குக் குரல் இறங்கிவிடும். போன மாதம் இருந்த படிக்கட்டு இந்த மாதம் அந்த இடத்தில் இல்லை, அவன் கால் வைத்தால் விழாமல் என்ன செய்வான்?

பாட்டை விட வேண்டியதில்லை. வசதியாக வருகிற ஐந்தாறு சுரத்துக்குள் மெல்லப் பாடட்டும். சுருதியை மாதாமாதம் பார்த்து இறக்கிக் கொடுங்கள். தனிப்பாட்டுக்கு ஒரு வருடம் ஓய்வு, குழுவில் கீழ்க்குரலில் நிற்கலாம்.

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், ஒத்திகையில் குரல் கீறிய ஒரு பையனை, விளையாடுகிறான் என்று நினைத்து எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அடுத்த நாளிலிருந்து சங்கீத வகுப்புக்கு வரவில்லை, சித்திரத்துக்கு மாறிவிட்டான். இப்போது கடை வைத்திருக்கிறான், போனால் மரியாதையாகத்தான் கதைப்பான். வானொலி பாடிக்கொண்டிருக்கும், அவன் வாய் அசையாது.

ஒருவரை ஒருவர் வெல்லப் பாடுவது நம்முடைய பழக்கமா, அல்லது ரீ.வி கொண்டு வந்ததா? எங்கள் அப்பா பழைய ஆட்கள் போட்டிக்குக் கவி பாடியதாகச் சொல்வார்.
வாசகர், கிண்ணியா

அப்பா சொன்னது சரி தம்பி. உங்கள் பக்கத்துக் கவியை எடுங்கள். நாலே அடி, ஆனால் அதற்குள் கேள்வி, பதில், குத்தல், கெஞ்சல் எல்லாம் இருக்கும். ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர் வாய் சும்மா இருக்காது. அதற்கு மேடையும் வேண்டாம், நடுவரும் வேண்டாம்.

எங்கள் கிழக்கில் இதைவிடப் பெரிய போட்டி ஒன்று இருந்தது: கொம்புமுறி. மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் கண்ணகி அம்மனை வேண்டிச் செய்வார்கள். ஊர் இரண்டாகப் பிரியும், வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த மரக்கொம்பு இரண்டைக் கொளுவி, கயிறு கட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். எந்தக் கட்சியின் கொம்பு முறிகிறதோ அது தோற்றது. பிறகுதான் பாட்டு! வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவார்கள், பக்கத்தில் நின்று கேட்க முடியாத வசையெல்லாம் வரும். ஒரே வீட்டில் புருஷன் ஒரு சேரி, பெண்சாதி மறுசேரி என்றும் நடக்குமாம். சிங்கள ஊர்களில் பத்தினி தெய்வத்துக்கு 'அங்கெலிய' என்று இதே விளையாட்டு இருக்கிறது.

திருக்கடலூர்ப் பக்கம் கரைவலை இழுக்கும்போது நின்று பாருங்கள். ஒருவர் வலை இழுக்கிற பாட்டான அம்பா எடுப்பார், கயிற்றில் நிற்கிற மற்ற எல்லாரும் ஒரே குரலில் வாங்குவார்கள். அங்கே தாளம் பிசகினால் மார்க் குறையாது, வலை பாரம் ஒரு பக்கம் சாயும். அவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து பாடுகிற குழுவை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. இந்தக் கிழமை சொன்ன கரோல் குழுவையும் ஒரு விடியற்காலை அங்கே அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

மகளுக்குப் பண்ணிசைப் போட்டி. கோணேசர் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
தந்தை, தம்பலகாமம்

சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள். ஐந்தே சுரம்: ச, ரி, க, ப, த. மத்திமமும் நிஷாதமும் இல்லை. பழகும்போது பிள்ளைகள் பழக்கதோஷத்தில் 'ம'வைத் தொட்டுவிடுவார்கள், அதை மட்டும் காவல் காருங்கள்.

பூபாளம் விடியற்காலை ராகம். ஒரு நாள் மகளை விடியக் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டை வாசலால் ஏறும்போது மான்கள் வழியில் படுத்திருக்கும். மேலே போய்க் கடலைப் பார்த்து ஒரு தரம் பாடட்டும். சம்பந்தர் இலங்கைக்கு வரவேயில்லை, இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. கோணமலையைக் காணாமலே ஒருவர் இப்படிப் பாடியிருக்கிறார், காலடியில் கடலை வைத்துக்கொண்டிருக்கிற நாங்கள் 'ம'வைத் தொட்டால் எப்படி?

குழு இசையில் எங்களுக்கு இரண்டாமிடம். முதலிடம் பெற்றவர்கள் சுருதி விலகிப் பாடினார்கள், மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆனால் ஒரே நிறச் சாறி, பூ, கைவளையல் என்று பளபளப்பாக வந்தார்கள். நடுவர்கள் காதால் கேட்கிறார்களா, கண்ணால் கேட்கிறார்களா?
வாசகி, நிலாவெளி

நான் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன். நடுவர் மேசையில் இருக்கிறபோது எட்டாவது குழு வரும் நேரம் காது களைத்துவிடும், உண்மை. அப்போது கண் வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் நான் என் தாளில் முதலே கோடு போட்டுக்கொள்வேன்: சுருதி 30, லயம் 20, உச்சரிப்பு 20, பாவம் (உணர்ச்சி) 20, ஒன்றாக நின்று ஒன்றாக முடிப்பது 10. சாறிக்கு இடமில்லை. ஒரு தரம் ஏற்பாட்டாளர்கள் தந்த தாளில் 'உடை அலங்காரம் 10' என்று இருந்தது. எல்லாக் குழுவுக்கும் ஐந்து போட்டுவிட்டு வந்தேன்.

மற்றப் பக்கக் கதையும் சொல்கிறேன். ஒரு வருடம் என் பிள்ளைகளுக்கு மூன்றாமிடம் வந்தது. பிறகு யாரோ கூட்டல் பிழை என்றார்கள். தாளைக் கேட்டுப் பார்த்தோம், 87 என்று வரவேண்டியது 78 ஆகியிருந்தது. எங்களுக்குத்தான் முதலிடம். ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் கேடயம் ஏற்கெனவே பஸ்ஸில் வேறு ஊருக்குப் போய்விட்டது. பிள்ளைகள் அழுதார்கள். நானும் அழுதேன், குளியலறைக்குள் போய். "பரிசு முக்கியமில்லை, பங்குபற்றியதே வெற்றி" என்று அப்போது வந்து சொன்ன ஒருவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

பரிசு முக்கியம்தான். வேல்ஸ் நாட்டில் லங்கொலன் என்று ஒரு சின்ன ஊர், 1947-ல் இருந்து உலகத்துப் பாடகர் குழுக்களைக் கூப்பிட்டுப் போட்டி வைக்கிறார்கள். 1955-ல் இத்தாலியின் மொடெனாவில் இருந்து ஒரு ஆண்கள் குழு போனது. அதில் ஒரு பாண் பேக்கரிக்காரரும் அவருடைய 19 வயது மகனும் நின்று பாடினார்கள். முதலிடம். பாட்டையே தொழிலாக எடுக்கலாம் என்ற எண்ணம் வந்தது அங்கேதான் என்று அந்த மகன் பிறகு சொன்னார். லூசியானோ பவரொட்டி. 1995-ல் அதே ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு கச்சேரியும் செய்தார். அன்றைக்கு ஒரு நடுவர் களைத்துப்போய்ச் சட்டையின் நிறத்தைப் பார்த்திருந்தால்?

ஆகவே உங்கள் கோபம் நியாயம். புள்ளித் தாளைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் பிழையில்லை. ஆனால் வென்ற குழுவின் பிள்ளைகளிடம் முகத்தைத் திருப்ப வேண்டாம், தாளைக் கூட்டியது அவர்கள் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் கரோக்கே. இரவு 11 வரை. என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், உவர்மலை

ஜப்பானில் 1971-ல் டைசுக்கே இனோவே என்பவர் இந்தப் பெட்டியைச் செய்தார், காப்புரிமை எடுக்கவில்லை. கரா என்றால் வெறுமை, ஓகே என்பது ஓர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். வெறும் வாத்தியக் குழு. அதை நிரப்பத்தான் உங்கள் அயலவர் ஞாயிறு தோறும் பாடுபடுகிறார். ஒரு தரம் நீங்களும் போய் ஒரு பாட்டுப் பாடிவிட்டு, ஒன்பதரைக்குப் பிறகு சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்து சொன்னால் கேட்பார்கள். மதிலுக்கு மேலால் சொன்னால் ஸ்பீக்கர் இன்னும் ஒன்று வரும்.

எனக்குச் சுத்தமாகப் பாட வராது. கூட்டமாகப் பாடுகிற இடத்தில் இருக்க மட்டும் ஆசை. என்னைச் சேர்ப்பார்களா?
ஓய்வு பெற்ற கணக்குப் பிள்ளை, அலஸ்தோட்டம்

ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013-ல் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். ஒன்றாக மூச்சு விடுவதால் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குகிறதாம். ஐயா, நீங்கள் வாயைத் திறக்காமல் அவர்களோடு சேர்ந்து மூச்சு மட்டும் விட்டாலும் பாதி வேலை நடந்துவிடும் என்பது என் சொந்தக் கணக்கு, ஸ்வீடன்காரர் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் எங்கள் கூட்டத்துக்கு உங்களைப் போல ஒருவர்தான் தேவை. ஒரு தரம் பாடிய பாட்டை அந்த இரவில் இன்னொருவர் பாடக் கூடாது என்று விதி. அதற்காகப் பாட்டின் முதல் சொல், பாடியவர், முடிந்த எழுத்து மூன்றையும் கொப்பியில் எழுதுவோம். இதுவரை தையல்காரரின் மனைவி எழுதினா. எழுதுகிற மும்முரத்தில் தன் முறை வந்ததே தெரியாமல் மூன்று கிழமை தொடர்ந்து தோற்றுப்போனா, இனித் தொடமாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டா. கோடு போட்டு, திகதி போட்டு, அண்ணை களவாக இரண்டாம் தரம் பாடினால் பக்கத்தைத் திருப்பிக் காட்ட ஒரு கணக்குப் பிள்ளை வந்தால் நல்லது.

சனிக்கிழமை ஆறு மணி. மழையென்றாலும் நடக்கும். முகவரியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாலாவது கொப்பியில் இன்னும் இரண்டு பக்கம்தான் மிச்சம், வரும்போது 80 பக்க ஒற்றை ரூல் கொப்பி ஒன்றும், முடிந்தால் கொஞ்சம் வறுத்த கச்சானும் கொண்டு வாருங்கள்.